மைதானமும் மடிச்சீலையும்

கல்லூரி விளையாட்டுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? எங்கே போகிறது?

வெற்றிக் கிண்ணத்தை உயர்த்திப் பிடித்து நிற்கும் மாணவரின் படத்தைப் பத்திரிகையிற் காணும்போது நம் உள்ளம் பூரிக்கின்றது. எந்தக் கல்லூரி, எந்தப் போட்டி, பயிற்றியவர் யார் என்றெல்லாம் ஆவலோடு விசாரிக்கின்றோம். அந்தப் பிள்ளையைப் போட்டி நடந்த ஊருக்கு ஏற்றிச் சென்ற பஸ்ஸுக்குக் கூலி கொடுத்தவர் யார் என்று மட்டும் நாம் கேட்பதில்லை. உண்மையில் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி அதுவேயாகும். ஓட்டத்திலே வென்ற பின்னும் கூலியிலே தோற்றுப்போகும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கின்றார்கள். அவர்களுடைய படம் எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை.

திருகோணமலையை எடுத்துக்கொள்வோம். உலகம் புகழும் இயற்கைத் துறைமுகத்தை அணைத்துக் கிடக்கும் இந்நகரிலே பழம்பெருங் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. புனித சூசையப்பர் கல்லூரி 1867ஆம் ஆண்டிலே தோன்றியது. 1897ஆம் ஆண்டிலே தொடங்கிய இந்துக் கல்லூரியை 1925இல் இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பேற்றது. விபுலானந்த அடிகளும் அதன் அதிபராக அமர்ந்து பணிபுரிந்தார். பெண் கல்விக்கென 1923இல் எழுந்தது சண்முக வித்தியாலயம். இவை யாவும் சமயத் தொண்டர்களின் உழைப்பினாலும், ஊராரின் கொடையினாலும், பிள்ளைகள் செலுத்திய கட்டணத்தினாலும் வளர்ந்தவை.

1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கைக்கு மாறின. ஏழைப் பிள்ளைக்குக் கல்லூரிக் கதவு திறந்தது, அது பெரும்பேறு. ஆசிரியர் சம்பளத்தையும் கட்டடத்தையும் அரசாங்கம் பார்த்துக்கொண்டது. ஆனால் மைதானத்துச் செலவிற் பெரும் பங்கு பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் மீதும், பழைய மாணவர் சங்கத்தின் மீதும், ஈற்றில் பெற்றோரின் மடிச்சீலை மீதும் வந்து விழுந்தது.

வாடைக்காற்றும் இல்லப் போட்டியும்

இல்ல விளையாட்டுப் போட்டிகள் வழமையாக ஆண்டின் முதலாந் தவணையிலே நடைபெறுகின்றன. தை பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் மைதானங்களிலே சுண்ணாம்புக் கோடுகள் தோன்றும். பிள்ளைகளுக்கு அது திருவிழாக் காலம்.

கடற்றொழிலாளர் வீட்டுக்கோ அது வேறு காலம். ஐப்பசி, கார்த்திகை தொட்டு வாடைக்காற்று வீசி, கிழக்குக் கடல் கொந்தளித்து, தொழில் படுத்துவிடும். கையிருப்புக் கரைந்துபோன அந்த வேளையிலேதான் புதுவருடத்துக் கொப்பிகள், சீருடை, சப்பாத்து என்ற செலவுகள் வரிசையாக வருகின்றன. அவற்றின் பின்னே இல்ல நிறத்திலே ரீ-சேர்ட் ஒன்றுக்கும், இல்லச் சோடனைக்குமாகப் பணம் கேட்டுப் பிள்ளை வாசலிலே வந்து நிற்கின்றது. கேட்கும் தொகை சிறியதாயிருக்கலாம். கேட்கும் காலம் கொடியது.

இல்லக் கூடாரங்களைப் பிள்ளைகள் கோட்டையாகவும் கப்பலாகவும் கோபுரமாகவும் சோடிப்பதை நாம் வெறுப்பவர் அல்லேம். கற்பனையும் கைத்திறனும் வளர அது உதவும். ஆயினும், ஒரு பிற்பகற் பொழுதுக்காக எழுப்பி மறுநாட் காலையிலே பிரித்தெறியும் சோடனைக்கும், அழகிய அழைப்பிதழுக்கும், விருந்தினர் சிற்றுண்டிக்கும் போக எஞ்சியதைக் கொண்டு ஈட்டியும் குண்டும் வாங்குவது முறையாகுமா? "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்ற முதுமொழி மைதானத்துக்கும் பொருந்தும்.

வென்றவர்க்கு வரும் செலவு

விளையாட்டுச் செலவிலே ஒரு விசித்திரம் உண்டு. தோற்றவனுக்குச் செலவு அன்றோடு முடிந்துவிடும். வென்றவனுக்கு அது அன்றுதான் தொடங்கும். இல்லப் போட்டியில் வென்ற பிள்ளை கோட்டத்துக்கும், அங்கே வென்றால் வலயத்துக்கும், பின்பு மாகாணத்துக்கும், முடிவிலே தேசியப் போட்டிக்கும் போக வேண்டும். ஒவ்வொரு படியிலும் தூரம் கூடுகின்றது. தங்கும் நாளும் கூடுகின்றது. திருகோணமலையிலிருந்து கொழும்பு ஏறக்குறைய 260 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. பிள்ளைக்கும் பொறுப்பாசிரியருக்கும் போக்குவரத்து, உணவு, தங்குமிடம், ஓட்டத்துக்கென ஆணிச் சப்பாத்து என்று கணக்கு நீண்டுகொண்டே போகின்றது.

கிண்ணியாப் பிள்ளைகளின் நிலை ஒருகாலம் இன்னுங் கடினமாயிருந்தது. 2009ஆம் ஆண்டிலே பாலம் திறக்கப்படும் வரை அவர்கள் திருகோணமலைக்கு வருவதற்குக் களப்பைத் தோணிப்பாலத்திலே கடக்க வேண்டியிருந்தது. இன்று பாலம் உண்டு. எனினும் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே எண்ணெய் இல்லாமல் பஸ்கள் நின்றதையும், ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களுள் 360 ரூபாவை எட்டியதையும் நாம் மறந்துவிடவில்லை. வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய பந்துக்கும் சப்பாத்துக்கும் அப்போது நேர்ந்த விலையேற்றத்தை எந்தச் சிறு கல்லூரியின் வரவு செலவுத் திட்டந்தான் தாங்கும்?

இதனை வெறும் விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. க.பொ.த. உயர்தரத்திலே வேண்டிய தகைமையைப் பெற்று, அதனோடு விளையாட்டிலே தேசிய மட்டத்திற் சிறந்து விளங்கியவர்க்குப் பல்கலைக்கழக அனுமதியில் ஒரு சிறப்பு வழி நம் நாட்டில் உண்டு. ஆகவே, தேசியப் போட்டிக்குப் போக வழியின்றி வீட்டிலே தங்கிவிட்ட பிள்ளை இழப்பது ஒரு பதக்கத்தை மட்டுமா? ஒரு வாழ்க்கை வழியையே இழக்கவுங் கூடும்.

ஒரு பந்தும் பத்துப் பேரும்

பணம் குறைந்த இடத்திலே விளையாட்டு வளராதென்று சோர்ந்துவிடவும் வேண்டியதில்லை. இரண்டாவது உலக யுத்தத்தின் பின் அமெரிக்காவின் லூசியானாப் பகுதியிலிருந்து இயேசு சபைக் குருமார் பலர் கிழக்கிலங்கைக்கு வந்தனர். அவர்களுள் ஒருவர் யூஜின் ஹேபர்ட் அடிகளார். 1948இல் இலங்கைக்கு வந்த அவர் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் மாணவருக்குக் கூடைப்பந்தாட்டம் பயிற்றினார். 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆந் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட அவரும் உடன் சென்ற இளைஞரும் திரும்பி வரவேயில்லை. அவருடைய சபைத் தோழரான வெபர் அடிகளாரின் பெயரை மட்டக்களப்பின் விளையாட்டரங்கு இன்றுந் தாங்கி நிற்கின்றது.

கூடைப்பந்தாட்டம் சிறிய கல்லூரிக்கு ஏற்ற ஆட்டம். இரண்டு கம்பம், இரண்டு பலகை, இரண்டு வளையம், ஒரு பந்து. இவை இருந்தாற் பத்துப் பிள்ளைகள் ஆடலாம். துடுப்பாட்டத்துக்கோ மட்டை, காற்காப்பு, கையுறை, தலைக்கவசம் என்று ஆளுக்காள் செலவு. எந்த ஆட்டமும் தாழ்ந்ததன்று. ஆனால் எதனைத் தொடங்கினால் எத்தனை பிள்ளைகள் மைதானத்தில் இறங்குவார்கள் என்று கணக்கிடுவது அதிபரின் கடமை.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். துறவியரான அக்குருமாரின் மாலைப் பொழுதுகள் கல்லூரிக்குச் செலவின்றிக் கிடைத்தன. விளையாட்டிலே பந்தை விடவும் விலையுயர்ந்தது பயிற்றுபவரின் நேரம். இன்று அந்த நேரத்தைக் கொடுப்பவர்கள் உடற்கல்வி ஆசிரியர்கள். பாடசாலை விட்ட பின்னும் வெயிலிலே நிற்கும் அவர்கள் தம் கைப்பணத்தையும் செலவிட நேர்ந்தால் அது ஊருக்கு அழகன்று.

நியூ ஓர்லியன்ஸ் மாணவரின் வாக்கு

அக்குருமார் புறப்பட்டு வந்த நாட்டிலே கல்லூரி விளையாட்டு ஒரு பெருவணிகமாக வளர்ந்துவிட்டது. 1958ஆம் ஆண்டு தோக்கியோவில் உயரப் பாய்ந்து, ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இலங்கைக்கு முதலாவது தங்கப் பதக்கத்தை ஈட்டித் தந்த யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர். அத்தகைய பெரிய பல்கலைக்கழகங்கள் தம் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்க 2025ஆம் ஆண்டிலே நீதிமன்றம் வழிவிட்டது. ஒரு பல்கலைக்கழகம் ஓராண்டில் ஏறக்குறைய இரண்டு கோடி டொலர் வரை கொடுக்கலாமாம்!

இதற்கு நேர்மாறாக, விளையாட்டுத் திறமைக்கென ஒரு சதமேனும் புலமைப்பரிசில் கொடாமல், படிப்போடு ஆட்டத்தையும் நடத்திவரும் கல்லூரிகளும் அங்கே நானூறுக்கு மேல் உள்ளன என்பதைப் பலர் அறியார்.

நமக்குப் பாடமாகக் கூடியது நியூ ஓர்லியன்ஸ் நகரில் இயேசு சபையார் நடத்தும் லொயோலாப் பல்கலைக்கழகத்தின் கதை. அது 1972இலே பிற கல்லூரிகளோடு ஆடும் போட்டிகளை அறவே நிறுத்திவிட்டது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழிந்த பின், 1991இல், மாணவர் தாமே வாக்களித்து, தம் கட்டணத்தோடு விளையாட்டுக்கென ஒரு பங்கு சேர்க்க இணங்கியதனால் அப்போட்டிகள் மீண்டும் உயிர்பெற்றன. 2022ஆம் ஆண்டிலே சிறிய கல்லூரிகளுக்கான தேசியக் கூடைப்பந்தாட்டப் பட்டம் அதே பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது. ஒரு செல்வர் ஒருமுறை கொடுத்த பெருந்தொகையை விட, பலர் ஆண்டுதோறும் கொடுத்த சிறுதொகைக்கு ஆயுள் அதிகம்.

நாம் செய்யக் கூடியவை

நியூ ஓர்லியன்ஸ் மாணவர் செலுத்திய கட்டணத்தை நம் பிள்ளைகள் மீது சுமத்துக என்று நாம் சொல்ல மாட்டோம். நம் கல்வி இலவசக் கல்வி. அது அவ்வாறே இருக்கட்டும். கொடுக்கக் கூடியவர் இன்று பலர் உளர். 1957இல் பிரித்தானியக் கடற்படை வெளியேறிய பின் துறைமுகப் பகுதியிலே தொழில்கள் குன்றின என்பது மெய். எனினும் பின்பு மா ஆலையும், சீமெந்துத் தொழிற்சாலையும், எண்ணெய்க் குதங்களும் குடாவைச் சூழ இயங்கலாயின. கடல் கடந்து வாழும் பழைய மாணவரும் தத்தம் கல்லூரியை மறந்தாரல்லர்.

ஆனால் கொடையாளர் பெரும்பாலும் கொடுப்பது கிண்ணம்; அல்லது தம் பெயர் பொறித்த ரீ-சேர்ட். வெற்றிக்குப் பின் வரும் கொடையை விட, வெற்றிக்கு முன் வரும் பஸ் கூலியே பிள்ளைக்கு வேண்டியது. ஆதலால் ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டின் தொடக்கத்திலேயே பிரயாண நிதி ஒன்றைத் தனியே ஒதுக்கி வைக்கட்டும். சோடனைக்கும் சிற்றுண்டிக்கும் அதன் பின்னரே பணம் போகட்டும். ரீ-சேர்ட் வாங்க முடியாத பிள்ளை, ஒரு நிறப் பட்டியைத் தோளிற் கட்டிக்கொண்டு ஓட அனுமதிக்கப்படட்டும். அதனாற் கால்களின் வேகம் குறைந்துவிடாது. உயரம் பாய்தலுக்கான மெத்தையையும் தடை தாண்டற் சட்டங்களையும் அயற் கல்லூரிகள் சேர்ந்து வாங்கி மாறி மாறிப் பயன்படுத்தட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வந்த பணம் இவ்வளவு, போன வழி இது என்ற கணக்கு, பிள்ளைகளும் வாசிக்கும்படி அறிவித்தற் பலகையிலே தொங்கட்டும். கணக்கைக் கண்ணாரக் கண்டவர் மறுமுறை கேட்குமுன்பே கொடுப்பர். காணாதவர் கேட்ட பின்னும் தயங்குவர். கணிதம் படிக்கும் உயர்வகுப்பு மாணவரே அக்கணக்கை எழுதுவாராயின், மைதானம் அவர்களுக்கு இன்னொரு வகுப்பறையும் ஆகிவிடும்.

அடுத்த இல்லப் போட்டிக்கு அழைப்பிதழ் வரும்போது, பெற்றோரும் பழைய மாணவரும் மகிழ்ச்சியோடு போய்வருக. கொடி அணிவகுப்பைக் கண்டு களித்துக் கைதட்டுக. வீடு திரும்புமுன் பொறுப்பாசிரியரை அணுகி, "மாகாணப் போட்டிக்குத் தெரிவாகும் பிள்ளைகளை அனுப்புவதற்கு என்ன குறைகிறது?" என்று ஒரு வார்த்தை கேட்டு வருக.