தொட்டது துலங்காத திரை

நம் அத்தைக்கு வயது 78. கை நடுக்கத்தினால் மௌஸைப் பிடித்து ஓட்டுவது அவருக்கு அசாத்தியம். ஆகையால் அவர் வெளியுலகத்துடன் கொண்டுள்ள உறவெல்லாம் தொடுதிரை வைத்த ஒரு லாப்டாப் கம்ப்யூட்டர் மூலமாகத்தான். தூர தேசத்திலுள்ள மகளின் முகத்தை நாள்தோறும் காண்பதும், எழுத்தைப் பெரிதாக்கிப் பத்திரிகை படிப்பதும் அந்தத் திரையின் தயவினாலேயே.

அப்படிப்பட்ட திரைக்கு ஒரு நாள் புத்தி பேதலித்துவிட்டது. வடக்கே தொட்டால் தெற்கே திறந்தது. தொடாதபோதும் தானாகவே எதையோ திறந்து மூடிற்று. "ஏனப்பா, இதற்குக் காற்றுக் கறுப்பு ஏதாவது பட்டுவிட்டதா?" என்று அத்தை கவலையுடன் கேட்டார்.

பழுது பார்க்கும் கடையொன்றில் விசாரித்தோம். யந்திரத்தைப் பாராமலே, "திரையை அடியோடு மாற்ற வேண்டும்" என்றார் கடைக்காரர். அவர் சொன்ன தொகை கம்ப்யூட்டரின் விலையில் ஏறக்குறையப் பாதி. யோசித்துச் சொல்வதாகக் கூறித் திரும்பினோம். அந்த யோசனையில் நாம் கற்ற பாடம் நேயர்களுக்கும் உபயோகப்படலாம்.

திரை விரலை அறிவது எப்படி?

தொடுதிரை நேற்றுப் பிறந்த அதிசயமன்று. இங்கிலாந்தில் மால்வெர்ன் நகரத்து ராடார் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய இ. ஏ. ஜான்ஸன் என்பவர் 1965-ஆம் ஆண்டிலேயே இதைப்பற்றி எழுதியிருக்கிறார். ஆகாய விமானப் போக்குவரத்தை நடத்துவோருக்கு உதவுவதே அவருடைய நோக்கம். 1983-ல் ஹியூலெட் பாக்கர்ட் கம்பெனியார் வெளியிட்ட ஒரு கம்ப்யூட்டரில், திரையின் விளிம்பிலுள்ள துவாரங்களிலிருந்து கண்ணுக்குப் புலனாகாத ஒளிக்கதிர்கள் குறுக்கும் நெடுக்கும் பாய்ந்தன. விரல் அவற்றை மறைத்த இடமே தொட்ட இடம். அத்துவாரங்களில் தூசி அடைந்தால் திரை தடுமாறுமாம்!

இன்றைய திரைகளிலோ, கண்ணாடிக்கு அடியில் ஒளி ஊடுருவும் மின்கடத்தி இழைகள் வலை போல் பரவியிருக்கின்றன. நமது உடல் மின்சாரத்தைக் கடத்துவதால், விரல் நெருங்கியதும் அவ்விடத்து மின்னேற்றம் அணுவளவு மாறுகிறது. அம்மாற்றத்தை ஒரு சிறு சில்லு விநாடிக்குப் பல முறை அளந்து, தொட்ட இடத்தைக் கணக்கிடுகிறது. திரை உணர்வது அழுத்தத்தை அல்ல. ஆகவே கேளாத திரையை ஓங்கி அழுத்துவதில் யாதொரு பிரயோஜனமும் இல்லை. சாதாரணத் துணிக் கையுறையை அது அறியாது. நீர்த்துளியை விரலென்று மயங்கவும் கூடும்.

வெளியிலிருந்து உள்ளே

இதிலிருந்து வைத்திய முறையும் விளங்கும். வெளியே தொடங்கி உள்ளே செல்ல வேண்டும். ஒரு சமயத்தில் ஒரு காரியமே செய்ய வேண்டும். நாம் செய்த பிழை தலைகீழாய்த் தொடங்கியதுதான். விண்டோஸ் யந்திரத்தில் கண்ட்ரோல் பேனலில் 'டேப்லட் பிசி செட்டிங்ஸ்' என்ற பகுதியுண்டு. அங்கே 'காலிப்ரேட்' என்பதை அழுத்தினால் திரையில் குறிகள் ஒவ்வொன்றாகத் தோன்றும். அவற்றைத் தொட்டுத் திரைக்கு இடம் கற்பிக்கலாம். நாமும் கற்பித்தோம். தடுமாறும் மாணாக்கன் தப்பையே பாடமாக்கிக்கொண்டான். கோளாறு முன்னினும் மோசமாயிற்று.

பிறகே வரிசைக்கு வந்தோம். கம்ப்யூட்டரை நிறுத்தி, மெல்லிய துணியைச் சற்றே நனைத்துத் திரையைத் துடைத்தோம். (நீரை நேராகத் தெளிக்கலாகாது.) மேலே ஒட்டியிருந்த காப்புத் தாளை உரித்தோம். பலனில்லை. அடுத்தபடியாக, இணைத்திருந்த வயர்களையெல்லாம் பிடுங்கினோம். திரை சாந்தமாயிற்று! ஒவ்வொன்றாக மீண்டும் சொருகிப் பார்த்தோம். சார்ஜரைச் சொருகியவுடன் பேய் திரும்பியது. பழைய சார்ஜர் பிரயாணத்தில் தொலைந்துபோக, மலிவாய்க் கிடைத்ததொன்றை நாமே வாங்கிக் கொடுத்திருந்தோம். அதிலிருந்து கசிந்த மின் இரைச்சல் அந்த நுட்பமான அளவையைக் குழப்பியிருக்கிறது. அத்தையின் கம்ப்யூட்டர் எப்போதும் சொருகியே இருக்குமாதலால் எவரும் இதைக் கவனிக்கவில்லை. 'ரீசெட்' செய்து நாம் கற்பித்த தப்புப் பாடத்தை அழித்தோம். தகுந்த சார்ஜர் ஒன்று வாங்கினோம். காரியம் முடிந்தது.

இதிலும் தீராவிட்டால்

'ரீஸ்டார்ட்' செய்து பாருங்கள்; பல யந்திரங்களில் 'ஷட் டவுன்' முழு ஓய்வாகாது. பிறகு 'டிவைஸ் மானேஜர்' பகுதியில் 'ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைஸஸ்' என்பதன் கீழுள்ள தொடுதிரையை ஒரு முறை 'டிஸேபிள்' செய்து, மீண்டும் 'எனேபிள்' செய்யலாம். இரண்டு மானிட்டர்கள் இருந்து, ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அசைந்தால், முன் சொன்ன டேப்லட் பகுதியிலேயே 'செட்டப்' என்பதை அழுத்தி, தொடுதிரை எது என்று காட்டிக் கொடுங்கள். கண்ணாடி விரிசல் கண்டிருந்தால் கடைக்காரர் வார்த்தையே சரி. உள்ளிருந்து பாட்டரி உப்பித் திரையைத் தள்ளுவதாகத் தோன்றினால், உடனே உபயோகத்தை நிறுத்துங்கள். அழுத்தவோ குத்தவோ வேண்டாம். அது தீப்பிடிக்கக் கூடிய வஸ்து. தேர்ந்தவர்களிடம் ஒப்பிப்பதே உசிதம்.

அன்றிரவு அத்தை மகளுடன் வெகு நேரம் பேசினார். பேச்சு முடிந்தபின் நம்மை அழைத்து, "காற்றுமில்லை, கறுப்புமில்லை, நீ வாங்கி வந்த சார்ஜர்தானா?" என்று கேட்டுச் சிரித்தார். நாம் தலை குனிந்தோம். "போகட்டும். அதை வேறு யாருக்கும் தானமாகக் கொடுத்துவிடாதே" என்றார்.