உந்துவிசிறியின் சிறு திருகாணிகள்

டிரோன் என வழங்கும் ஆளில்லாச் சிறு வானூர்தியை இன்று நம் நாட்டில் மாணவர் பலரும் நிழற்படக் கலைஞர் பலரும் பொழுதுபோக்காகக் கையாண்டு வருகின்றனர். 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் 250 கிராமுக்கு மேற்படாத எடையுள்ளவற்றை ‘நானோ’ என்னும் வகுப்பில் சேர்த்துள்ளன. இத்தகைய சிறிய ஊர்திகள் பலவற்றில் உந்துவிசிறியை மோட்டாருடன் பிணைப்பவை 2 மில்லிமீட்டரோ அதனினும் குறைவோ விட்டமுள்ள திருகாணிகளே. இறக்கையுள்ள விமானம் பொறி நின்ற பின்னும் சிறிது தூரம் சறுக்கிச் செல்லும். நான்கு விசிறிகளால் மட்டுமே தாங்கப்படும் ஊர்திக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஒரு விசிறி கழன்றாலும் சாதாரணமாக அது நிலைகுலைந்து விழும். 50 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள், காற்றின் தடையைக் கணக்கிற் கொள்ளாவிடில், மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்துடன் தரையை அடையும்.

திருகாணியைக் கழலாது காப்பது அதன் மரைதான் என்று பலர் எண்ணுகின்றனர். மரை என்பது உருளையின்மீது சுற்றப்பட்ட ஒரு சாய்தளமேயாகும். 2 மில்லிமீட்டர் ஆணியில் ஒரு முழுச் சுற்றுக்கு 0.4 மில்லிமீட்டர் ஏற்றம் உண்டு. சாய்வு ஏறக்குறைய 4 பாகை. எஃகின்மீது எஃகு தானாக வழுக்குவதற்குச் சாதாரணமாக 8 பாகைச் சாய்வேனும் வேண்டியிருப்பதால், அசைவற்ற நிலையில் ஆணி கழலுவதில்லை. ஆனால் உராய்வு உண்டாவதற்கு அழுத்தம் தேவை. ஆணியை முறுக்கும்போது அது ஒரு வில்லைப்போல் சிறிதளவு நீள்கிறது. மீண்டும் சுருங்க முயலும் அவ்விசையே பாகங்களை ஒன்றோடொன்று அழுத்தி வைக்கிறது.

அந்த நீட்சி எவ்வளவு என்று பார்ப்போம். நன்கு முறுக்கிய எஃகாணி தன் நீளத்தில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு நீள்வதாகக் கொண்டால், 100 மில்லிமீட்டர் நீளமுள்ள பொறியாணி 0.15 மில்லிமீட்டர் நீளும். விசிறியின் ஆணியிலோ இழுபடும் பகுதி 3 மில்லிமீட்டர் அளவே. அதன் நீட்சி 0.0045 மில்லிமீட்டர். இது தலைமயிரின் தடிப்பில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. விசிறியின் நடுப்பகுதியோ நைலான், பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக்கால் ஆனது. தொடர்ந்து அழுத்தினால் நாளடைவில் தளர்ந்து கொடுப்பது அதன் இயல்பு. வெயிலில் வைக்கப்பட்ட ஊர்தியில் இத்தளர்ச்சி விரைவுபடும். ஆகவே ஆணி சிறிதும் சுழலாமலே அதன் இறுக்கம் பெரிதும் குறைந்துவிடக்கூடும்.

இந்நிலையில் அதிர்வு வந்து சேர்கிறது. நிமிடத்திற்கு 12,000 முறை சுழலும் விசிறி விநாடிக்கு 200 சுற்றுச் சுற்றுகிறது. மையத்திலிருந்து 20 மில்லிமீட்டர் தள்ளி 0.05 கிராம் எடை கூடுதலாக இருப்பினும், அது ஏறக்குறைய 160 கிராம் எடைக்குச் சமமான விசையுடன் தண்டைப் பக்கவாட்டில் இழுக்கும். பத்து நிமிடப் பறப்பில் அவ்விழுப்பு 1,20,000 முறை சுழன்று வரும். ஆணியைத் தளர்த்துவதில் இத்தகைய பக்கவாட்டு அசைவே மிகக் கொடியது என்பதை ஜெர்மானியப் பொறியியலாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். சாய்ந்த பலகையில் நிற்கும் செங்கல்லைப் பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே இருந்தால், அது தட்டும் திசையில் மட்டுமன்றிச் சரிவின் வழியாகவும் இறங்குவதைக் காணலாம். பக்கவாட்டு நழுவலில் உராய்வு செலவாகிவிடுவதால், சரிவைத் தடுக்க எதுவும் எஞ்சுவதில்லை.

பட்டறைகளில் இதற்கு மருந்தாக வில் வாஷரைப் போடுவது வழக்கம். இறுக்கி முடிக்கும்போது அது தட்டையாகிச் சாதாரண வாஷரைப்போலவே ஆகிவிடுகிறது என்று நாசா நிறுவனத்தின் 1990ஆம் ஆண்டுக் கையேடு கூறுகிறது. அவ்வழக்கம் இன்னும் ஒழியாதிருப்பது வியப்பே. நடுத்தண்டில் ஒரே நட்டால் விசிறியைப் பிணைக்கும் ஊர்திகளில், வலஞ்சுழி மோட்டாருக்கு இடமரையும் இடஞ்சுழி மோட்டாருக்கு வலமரையும் வைத்தால் மோட்டார் வேகங்கொள்ளும்போது நட்டு இறுகும். ஆனால் மின்கட்டுப்பாட்டினால் மோட்டார் சட்டென வேகங்குறைக்கப்படும்போது விசை எதிர்த்திசையில் செயற்படும். எனவே நைலான் வளையம் பதித்த நட்டையே பலரும் விரும்புகின்றனர்.

சிறு திருகாணிகளுக்கு ஏற்றது மரையைப் பூட்டும் திரவம். 1953இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரத்து டிரினிட்டிக் கல்லூரிப் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் இத்தகைய திரவத்தை உருவாக்கினார். பின்னர் அது லாக்டைட் என்னும் பெயரால் விற்பனைக்கு வந்தது. காற்றிலுள்ள பிராணவாயு படும்வரை இது திரவமாகவே இருக்கும். காற்றுப் புகாத இடுக்கில் உலோகத்துடன் சேரும்போது கெட்டிப்படும். புட்டியை முழுதும் நிரப்பாது விற்பதும் இக்காரணம் பற்றியே. அதனைக் கண்டு கடைக்காரரைக் குறைகூற வேண்டுவதில்லை.

இதன் இயல்பிலேயே அபாயமும் அடங்கியுள்ளது. பிளாஸ்டிக்கின்மீது வழிந்த திரவம் கெட்டிப்படாது ஈரமாகவே நின்று உள்ளே ஊறும். பாலிகார்பனேட்டிலும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கிலும், ஆணி அழுத்தும் துளையைச் சுற்றி நுண்ணிய வெடிப்புகள் இதனால் தோன்றும். அவை உடனே கண்ணுக்குப் புலப்படா. ஆணியைக் காக்க இட்ட மருந்து விசிறியையே பிளந்துவிடுவது இவ்வாறே. நகப்பூச்சிலுள்ள கரைப்பான்களும் அத்தகைய தீங்கைச் செய்யக்கூடுமாதலால், அதனை இதற்கு மாற்றாகக் கொள்ளலாகாது.

ஆதலின் உலோக ஆணி உலோகத் துளையில் பொருந்துமிடத்தில் மட்டுமே திரவத்தை இடவேண்டும். ஆணியையும் துளையையும் எண்ணெய்ப்பசை நீங்கத் துடைத்து, குண்டூசி முனையளவு திரவத்தை ஆணியின் நுனி மரையில் தடவினால் போதும். துருப்பிடியா எஃகில் அது கெட்டிப்பட நேரமாகும். ஒரு நாள் கழித்துப் பறக்கவிடுவது நன்று. சாதாரணமாக ஊதா நிறத்தது மென்மையானது, நீலம் நடுத்தரம், சிவப்பு மிக வலியது. சிவப்பை இங்கு அறவே விலக்க வேண்டும். அதனைக் கழற்ற ஏறக்குறைய 250 பாகை செல்சியஸ் வெப்பம் தேவைப்படும். மோட்டாரிலுள்ள சாதாரண நியோடிமியக் காந்தமோ 80 பாகைக்கு மேல் வலுவிழக்கத் தொடங்கும்.

ஆணியின் நீளத்தையும் கவனித்தல் வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மிகுந்தாலும் அதன் நுனி மோட்டாரின் கம்பிச் சுருளைத் தொட்டுக் காப்புப் பூச்சைச் சுரண்டலாம். மடங்கும் இதழ்களை உடைய விசிறிகளில் இதழ் தடையின்றித் திரும்புமாறு ஆணி நிற்க வேண்டும். அங்கு மிகையாக முறுக்கினால் சமநிலை கெட்டு அதிர்வு கூடும். அவ்வகை விசிறிகள் சிலவற்றுடன், மரையில் நீலப் பூச்சு ஏற்கெனவே இடப்பட்ட புதிய ஆணிகள் வருகின்றன. அப்பூச்சு ஒரு முறைக்கே உரியது; கழற்றிய ஆணியைச் சேமித்து வைப்பதாற் பயனில்லை. தலை தேயாதிருக்க, 2 மில்லிமீட்டர் குழித்தலை ஆணிக்குச் சரியான 1.5 மில்லிமீட்டர் அறுகோணச் சாவியைக் கையாள்க. முறுக்கி முடித்தபின் ஆணியின் தலையிலிருந்து அடுத்துள்ள பாகம்வரை, பிளாஸ்டிக்கைத் தாக்காத வண்ணத்தால் மெல்லிய கோடொன்று இழுத்துவிட்டால், ஆணி சுழன்றதா என்பது ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் ஒரு நோக்கில் தெரியும். சுழலாமலே தளர்ந்த ஆணியை மட்டும் அக்கோடு காட்டாது. அதற்கு விசிறியைக் கையாற் பிடித்து மெல்ல அசைத்துப் பார்த்தல் வேண்டும்.