அடுத்த வீட்டு என்ஜின் உறுமுகிறதா? சண்டை வேண்டாம், வழி இருக்கிறது!

விடியற்காலை 4 மணி. இன்னும் கோழி கூவவில்லை. ஆனால் தெரு விழித்துக்கொண்டது. காரணம், ஒரு லாரி!

டிரைவர் என்ஜினை முடுக்கிவிட்டார். பிறகு வீட்டுக்குள் போய்விட்டார். பல் விளக்குகிறார். காப்பி குடிக்கிறார். வெளியே லாரி உறுமிக்கொண்டே இருக்கிறது. புகை எதிர்வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே போகிறது. அங்கே தொட்டிலில் கிடக்கும் குழந்தை இருமுகிறது. பக்கத்து வீட்டுப் பாட்டி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறாள்.

இது ஒரு தெருவின் கதை அல்ல. ஊருக்கு ஊர் நடப்பதுதான்.

தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவிலை அடுத்த மேலநீலிதநல்லூரை எடுத்துக்கொள்ளுங்கள். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம் அது. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரி இருக்கும் ஊர். சுற்றிலும் கரிசல் காடு. இப்படிப்பட்ட ஊர்களில் டிராக்டர் வேண்டும். லோடு ஆட்டோ வேண்டும். பள்ளிக்கூட வேன் வேண்டும். வண்டி இல்லாமல் பிழைப்பு இல்லை.

ஆனால் நிற்கும் வண்டியின் என்ஜின் எதற்காக ஓட வேண்டும்? அடுத்த வீட்டுக்காரர் அதை நிறுத்த மறுத்தால் என்ன செய்வது?

ஏன் ஓட விடுகிறார்கள்?

சண்டைக்குப் போவதற்கு முன் காரணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். வண்டிக்காரர்கள் பெரும்பாலும் வேண்டும் என்று செய்வதில்லை.

முதல் காரணம், பழக்கம். "என்ஜின் சூடானால்தான் வண்டி நன்றாக ஓடும்" என்பார்கள். கார்புரேட்டர் இருந்த காலத்தில் அது ஓரளவு உண்மை. இப்போதைய வண்டிகளில் எண்ணெயை அளந்து கொடுப்பது மின்னணுக் கருவி. அரை நிமிடம் போதும். பிறகு மெதுவாக ஓட்டிச் சென்றால், நிற்பதைவிட விரைவாக என்ஜின் சூடாகிவிடும். நம் ஊரில் பனியா கொட்டுகிறது, கால் மணி நேரம் சூடேற்ற?

இரண்டாவது காரணம், காற்று பிரேக். இது நியாயமான காரணம். லாரியிலும் பஸ்சிலும் பிரேக் வேலை செய்யக் காற்று அழுத்தம் வேண்டும். என்ஜின் ஓடினால்தான் தொட்டியில் காற்று ஏறும். அழுத்தம் ஏறாமல் வண்டியை எடுப்பது ஆபத்து. ஆனால் அதற்குச் சில நிமிடங்கள் போதும். நெடுநேரம் ஆகிறது என்றால், எங்கோ காற்றுக் கசிகிறது என்று பொருள். மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். அது டிரைவரின் உயிருக்கும் நல்லது.

மூன்றாவது காரணத்தை யாரும் வெளியே சொல்வதில்லை. பாட்டரி பழுது! "நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகாதே" என்ற பயம். அதனால் கடையில் நின்றாலும் என்ஜின் ஓடும். வீட்டு வாசலில் நின்றாலும் ஓடும்.

பணம் புகையாகப் போகிறது

நிற்கும் வண்டியும் எண்ணெய் குடிக்கும். சிறிய கார் ஒரு மணி நேரம் சும்மா ஓடினால் அரை லிட்டருக்கு மேல் தீரும். கனமான லாரி சுமார் 3 லிட்டர் வரை குடித்துவிடும்.

கணக்குப் பாருங்கள். ஒரு லாரி தினமும் 20 நிமிடம் வாசலில் சும்மா ஓடுகிறது. அதற்கு ஒரு லிட்டர் டீசல். வருடத்தில் 300 நாள் என்றால் 300 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலும், 27 ஆயிரம் ரூபாய்! ஒரு பிள்ளையின் படிப்புச் செலவு காற்றோடு போகிறது.

என்ஜினுக்கும் கேடுதான். சும்மா ஓடும்போது எண்ணெய் சரியாக எரியாது. உள்ளே கரி படியும். பாட்டரியும் சரியாக ஏறாது.

புகைக்குள் இருப்பது என்ன?

டீசல் புகையில் கண்ணுக்குத் தெரியாத கரித்துகள்கள் உண்டு. மனிதத் தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவானவை அவை. மூக்கில் தங்காமல் நேரே நுரையீரலின் அடிவரை போய்விடும். இளைப்பு நோய் உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறும். இருதய நோயாளிகளுக்கும் ஆபத்து. குழந்தைகளின் நுரையீரல் வளரும் பருவத்தில் இருப்பதால் அவர்களுக்குப் பாதிப்பு அதிகம்.

2012-ம் ஆண்டு ஜூன் மாதம் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு ஒரு முடிவை அறிவித்தது. டீசல் புகை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதே அது. புகையிலை இருக்கும் அதே வரிசையில் டீசல் புகையும் சேர்ந்தது.

இன்னொரு எமன், கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறம் இல்லை. வாசனை இல்லை. நம் ரத்தம் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அதைப் பிடித்துக்கொள்ளும். தலை வலிக்கும். கிறுகிறுப்பு வரும். குமட்டும். தூக்கம் வருவது போல இருக்கும். அந்தத் தூக்கத்தில் உயிரே போய்விடலாம்.

ஆகவே, வீட்டோடு சேர்ந்த கார் ஷெட்டில் என்ஜினை ஓட விடவே கூடாது. கதவு திறந்திருந்தாலும் கூடாது. மூடிய காருக்குள் ஏ.சி. போட்டு உறங்குவதும் கூடாது.

பேசுவது எப்படி?

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. உறுமும் லாரியின் முன்னால் நின்று கத்தினால் ஒன்றும் நடக்காது. டிரைவரும் அப்போதுதான் அரைத் தூக்கத்தில் எழுந்து வந்திருப்பார்.

சாயங்காலம் போங்கள். அவர் வண்டியை விட்டு இறங்கி, குளித்து, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நேரம் பாருங்கள். தனியாகப் போங்கள். கூட்டம் சேர்த்துக்கொண்டு போனால் அவருக்கு அவமானமாகப்படும்.

"அண்ணாச்சி, ஒரு வார்த்தை. கோவிச்சுக்கிடாதீங்க. சின்னவனுக்கு இளைப்பு இருக்கு. காலையிலே வண்டிப் புகை உள்ளே வந்தா ராத்திரி வரைக்கும் இருமுறான். வண்டியைக் கொஞ்சம் தள்ளி, ரோட்டு ஓரம் கொண்டுபோய் ஸ்டார்ட் பண்ண முடியுமா?"

அவ்வளவுதான்! "உங்க வண்டியாலே தெருவுக்கே தொல்லை" என்று தொடங்காதீர்கள். என்ன தொல்லை, எந்த நேரத்தில், யாருக்கு என்று சொல்லுங்கள். செய்யக்கூடிய ஒரு வழியையும் சொல்லுங்கள்.

வழிகள் பல உண்டு. இரவில் வண்டியை ஊர் ஓரத்தில் நிறுத்தலாம். புகைக்குழாய் ஜன்னல் பக்கம் இல்லாதபடி திருப்பி நிறுத்தலாம். காப்பி குடித்து முடித்துக் கிளம்பும்போது ஸ்டார்ட் செய்யலாம். சைலன்சர் ஓட்டையாக இருந்தால் மாற்றலாம்.

வீட்டுப் பெண்கள் பேசினால் இன்னும் எளிது. "மதினி, அண்ணன்கிட்டே சொல்லுங்க" என்ற ஒரு சொல், பத்து மனுவின் வேலையைச் செய்துவிடும்.

இதையும் மறக்கக் கூடாது. நள்ளிரவில் உங்கள் வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு வலி வரலாம். சங்கரன்கோவில் ஆஸ்பத்திரிக்கோ, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கோ உடனே போக வேண்டும். அப்போது முதலில் யார் கதவைத் தட்டுவீர்கள்? வண்டி வைத்திருக்கும் அதே அடுத்த வீட்டுக்காரர் கதவைத்தான்!

சட்டம் என்ன சொல்கிறது?

இரண்டு மூன்று முறை சொல்லியும் கேட்கவில்லையா? ஊர்ப் பெரியவர் ஒருவரையோ, வார்டு உறுப்பினரையோ வைத்துப் பேசுங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் சட்டம் இருக்கிறது.

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-வது பிரிவு இதைப் பற்றியதுதான். பொது இடத்தில் வண்டி நின்றால், லைசென்சு உள்ள ஒருவர் டிரைவர் இருக்கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் என்ஜினை நிறுத்தி, பிரேக் போட்டு, வண்டி தானாக நகராதபடி செய்திருக்க வேண்டும். அதாவது, தெருவில் என்ஜினை ஓட விட்டுவிட்டு வீட்டுக்குள் போவது குற்றம்! முதல் தடவை 500 ரூபாய் வரை அபராதம் உண்டு. மறுபடி செய்தால் 1,500 ரூபாய் வரை.

இந்த விதியில் புகைக்கு முன்னே இன்னொரு காரணமும் இருக்கிறது. டிரைவர் இல்லாமல் ஓடும் வண்டியில் ஒரு சிறுவன் ஏறி கியரைத் தொட்டுவிட்டால் என்ன ஆகும்?

இரைச்சலுக்கும் விதி உண்டு. 2000-ம் ஆண்டு மத்திய அரசு ஒலி மாசு விதிகளைக் கொண்டுவந்தது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது அளவு. இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 மணி வரை. இந்த அளவைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ சத்தம் கூடினால், அதிகாரியிடம் புகார் செய்யலாம்.

ஒரு தெருவுக்கே தொல்லை என்றால் இன்னொரு வழி உண்டு. 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152-வது பிரிவு அது. பழைய சட்டத்தில் அது 133-வது பிரிவு. பொதுத் தொல்லையை நீக்கும்படி கலெக்டரோ கோட்டாட்சியரோ உத்தரவிடலாம். மேலநீலிதநல்லூர்க்காரர்கள் இதற்காகத் தொலைதூரம் போக வேண்டாம். கோட்டாட்சியர் அலுவலகம் சங்கரன்கோவிலிலேயே இருக்கிறது.

ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் தொல்லை என்றால் அந்தப் பிரிவு பொருந்தாது. அதற்கு சிவில் கோர்ட்டு. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் இலவசச் சட்ட உதவி மையத்தை நாடலாம். பெண்களுக்கு வருமானம் பாராமல் இந்த உதவி கிடைக்கும்.

ரொட்டிக் கடை அடுப்பு

புகைத் தொல்லை வழக்கு ஒன்று சுப்ரீம் கோர்ட்டு வரை போயிருக்கிறது. 1970-களில் நடந்தது அது. ஒருவர் ரொட்டிக் கடை வைத்திருந்தார். அவருடைய அடுப்புப் புகையால் சுற்றி இருந்தவர்களுக்குத் தொல்லை. புகார் போயிற்று. மாஜிஸ்திரேட்டு நேரில் வந்து பார்த்தார். அடுப்பையும் புகைபோக்கியையும் அகற்ற வேண்டும் என்றார்.

சுப்ரீம் கோர்ட்டு என்ன சொல்லிற்று? இது ஒரு தனி மனிதரின் உரிமை மட்டும் அல்ல, மக்களின் ஆரோக்கியமும் இதில் அடங்கியிருக்கிறது, ஆகவே கண்ணால் பார்த்த மாஜிஸ்திரேட்டின் முடிவை ஏற்பதே சரி என்றது.

இதிலிருந்து ஒரு பாடம். "என் வண்டி, என் வாசல், என் இஷ்டம்" என்பது செல்லாது. வாசல் உங்களுடையது. காற்று எல்லோருக்கும் பொது.

புகார் எழுதுகிறவர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சி வேண்டும். எந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் ஓடியது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பாதிக்கப்பட்ட மற்ற வீட்டாரையும் கையெழுத்திடச் சொல்லுங்கள். டாக்டரின் சீட்டு இருந்தால் சேர்த்து வையுங்கள்.

மற்ற ஊர்களில்

ஹாங்காங்கில் 2011-ம் ஆண்டு டிசம்பர் முதல் இதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. நிற்கும் வண்டியின் என்ஜின் ஒரு மணி நேரத்தில் 3 நிமிடத்துக்கு மேல் ஓடக் கூடாது. மீறினால் 320 ஹாங்காங் டாலர் அபராதம்.

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 3 நிமிடம்தான் அனுமதி. பள்ளிக்கூடத்தின் பக்கத்தில் ஒரே நிமிடம்! அங்கே லாரியோ பஸ்சோ சும்மா ஓடுவதைப் படம் பிடித்துப் புகார் செய்கிறவருக்கு, வசூலாகும் அபராதத்தில் நாலில் ஒரு பங்கு பரிசு கொடுக்கும் திட்டம் கொண்டுவரப்பட்டது. இதையே தொழிலாக வைத்துக்கொண்டவர்களும் உண்டு!

டெல்லியில் 2020-ம் ஆண்டு அக்டோபரில் ஓர் இயக்கம் நடந்தது. சிவப்பு விளக்கில் நின்றால் என்ஜினை நிறுத்துங்கள் என்று தொண்டர்கள் பூவும் அட்டையும் ஏந்தி நின்று கேட்டுக்கொண்டார்கள்.

முதலில் நம் வீடு

அடுத்தவரிடம் போவதற்கு முன் நம் வீட்டு வண்டியைப் பார்ப்போம். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்காக நிற்கும்போது பைக் ஓடிக்கொண்டிருக்கிறதா? ரெயில்வே கேட்டில்? டீக்கடை முன்னால்?

பத்து வினாடிக்கு மேல் நிற்க வேண்டியிருந்தால் நிறுத்திவிடுவதே லாபம். மறுபடி ஸ்டார்ட் செய்ய ஆகும் எண்ணெய், அதற்குமேல் சும்மா ஓடுவதற்கு ஆகும் எண்ணெயைவிடக் குறைவு. பாட்டரி பழுது என்றால் முதலில் அதை மாற்றுங்கள்.

சாவியைத் திருப்ப ஒரு வினாடி போதும். அந்த ஒரு வினாடியில் எண்ணெய் மிச்சம், என்ஜின் மிச்சம். அடுத்த வீட்டுக் குழந்தைக்கு நல்ல மூச்சு. அடுத்த வீட்டாரோடு நல்ல உறவு!