ஒன்றையொன்று எதிர்பாராத வேலைகள்

1958 கோடையில் அமெரிக்காவின் ஐபிஎம் ஆய்வுப் பிரிவில் தங்கியிருந்த ஜான் மெக்கார்த்தி, இயற்கணிதக் கோவைகளை வகையிடும் வேலையைக் கணினியிடம் ஒப்படைக்க முயன்றார். எண்களை அல்ல, குறியீடுகளையே கணினி கையாள வேண்டும். கூட்டலாக அமைந்த கோவைக்கு விதி எளியது: ஒவ்வோர் உறுப்பையும் தனியே வகையிட்டுக் கூட்டிவிடலாம். ஆனால் வரப்போகும் கோவையில் உறுப்புகள் இரண்டா, இருபதா? நிரல் எழுதுகிறவருக்கு அது தெரியாது.

இந்தச் சிக்கலிலிருந்து பிறந்ததுதான் 'மேப்லிஸ்ட்'. ஒரு பட்டியலையும் ஒரு சார்பையும் கொடுத்தால், பட்டியல் நெடுகச் சார்பைச் செலுத்தி, விடைகளைப் புதிய பட்டியலாகத் தரும். ஒரு சார்பை இன்னொரு சார்பின் கையில் கொடுக்கும் அந்த ஏற்பாட்டை எழுதிக்காட்ட, தர்க்கவியலாளர் அலோன்சோ சர்ச்சின் லாம்டா குறியீட்டை மெக்கார்த்தி எடுத்துக்கொண்டார். லிஸ்ப் மொழியை விவரித்த அவருடைய 1960 கட்டுரையிலும் மேப்லிஸ்ட் உண்டு. பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், ஹாஸ்கல் மொழிகளில் இன்று 'மேப்' என்ற பெயரில் இருப்பது இதன் வழித்தோன்றல்.

விலைப் பட்டியல் ஒன்றில் ஒவ்வொரு விலையோடும் வரி சேர்க்க வேண்டும் என்று வையுங்கள். சுழல் கட்டளை எழுதினால் முதல் விலை, இரண்டாம் விலை என்று வரிசை வந்துவிடுகிறது. மேப் அப்படி எந்த வரிசையையும் கேட்பதில்லை. என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்கிறோம். எதை முதலில் செய்வது என்ற பேச்சே இல்லை. கடைசி விலையிலிருந்து தொடங்கலாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்திலும் செய்யலாம். நிபந்தனை ஒன்றே: சார்பு தன் கைக்கு வந்த உறுப்பை மட்டும் பார்க்க வேண்டும், வெளியே எதையும் மாற்றக் கூடாது. முந்தைய மீதியைப் பார்த்தே அடுத்த மீதியை எழுதும் வங்கிக் கணக்குக்கு மேப் மட்டும் போதாது.

இந்தச் சுதந்திரத்தின் மதிப்பை உலகுக்குக் காட்டியது கூகுள். அங்கே ஜெஃப் டீன், சஞ்சய் கெமாவத் இருவரும் 2004-இல் வெளியிட்ட மேப்ரெட்யூஸ் கட்டுரை, லிஸ்பிலிருந்து வந்த யோசனை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. தரவை ஆயிரக்கணக்கான துண்டுகளாக்கி ஒவ்வொன்றையும் ஒரு கணினிக்கு அனுப்புவது, பிறகு விடைகளைத் திரட்டுவது என்பதே அதன் முறை. அந்தக் கட்டுரையில் என்னை மிகவும் கவர்ந்தது ஒரு சோதனை. ஏறத்தாழ 1,800 கணினிகள் ஒரு டெராபைட் தரவை வரிசைப்படுத்த 891 விநாடிகள் ஆயின. அடுத்த முறை, வேலை பாதியில் இருக்கும்போது அந்தக் கணினிகளில் ஓடிய 1,746 செயல்முறைகளில் 200-ஐ வேண்டுமென்றே நிறுத்தினார்கள். அவற்றில் சில துண்டுகளை ஏற்கெனவே முடித்திருந்தன. அந்த விடைகளும் தொலைந்தன. ஆனாலும் 933 விநாடிகளில் வேலை முடிந்தது. ஐந்து சதவீதமே கூடுதல். தொலைந்த துண்டுகளை மட்டும் யாராவது மறுபடி செய்தால் போதுமாயிருந்தது. மற்ற துண்டுகளில் ஒன்றுகூட அவற்றுக்காகக் காத்திருக்கவில்லை.