வீட்டு வரி கட்டுறோம்... அது பள்ளிக்கூடத்துக்குப் போகுதா? திருப்பத்தூரும் ஜவ்வாது மலையும் காட்டும் கணக்கு

சொத்து வரி ரசீதில் பலரும் மொத்தத் தொகையை மட்டும்தான் பார்ப்போம். நகரத்தில் வசிப்பவர் கட்டும் அந்தத் தொகைக்குள் பள்ளிக்கூடத்துக்கான ஒரு பங்கும் இருக்கிறது. திருப்பத்தூர் நகரில் வசூலாகும் அந்தப் பங்கு, அதே மாவட்டத்தின் ஜவ்வாது மலைப் பள்ளிக்குப் போகுமா? போகாது. ஏன்?

நகரத்தில் என்ன நடக்கிறது?

நகராட்சிகளின் சொத்து வரிக்குள் ‘கல்வி வரி’ என ஒரு பகுதி இருந்துவருகிறது. இதன் வேர், 1920-ம் ஆண்டின் சென்னை தொடக்கக் கல்விச் சட்டம். இந்தப் பணம் ‘தொடக்கக் கல்வி நிதி’ என்ற தனிக் கணக்கில் சேரும். நகராட்சி எல்லைக்குள் உள்ள பள்ளிகளின் கட்டடம், பராமரிப்புக்கு இது பயன்படும். எல்லையைத் தாண்டிப் போகாது.

மலையில் என்ன கதை?

புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகியவை கிராம ஊராட்சிகள். இங்கே நடைமுறையில் இருப்பது 1994-ம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம். வீட்டு வரியும் அதன் மேல் 10 சதவீத நூலக வரியும் உண்டு. கல்வி வரி கிடையாது. நூலக வரியும் பள்ளிக்கு வராது, மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போய்விடும். சின்னச் சின்ன வீடுகள் உள்ள மலையூரில் வீட்டு வரி எவ்வளவுதான் தேறும்?

அப்போ வாத்தியார் சம்பளம்?

அது மாநில அரசின் பொறுப்பு. 2025-26 பட்ஜெட்டில் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கியது ரூ.46,767 கோடி. மலையில் உள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் மாநில அரசின் நிதியில்தான் இயங்குகின்றன. ஊர் ஏழையாக இருந்தாலும் ஆசிரியர் சம்பளம் குறையாது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே பள்ளிகளின் நிதியில் கணிசமான பங்கு உள்ளூர் சொத்து வரியிலிருந்து வருகிறது. பணக்கார ஏரியா என்றால் பணக்காரப் பள்ளி. டெக்சாஸ் மாகாணத்தின் சான் அன்டோனியோ நகர ஏழைப் பெற்றோர் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 1973-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

அப்படியென்றால் நமக்குப் பிரச்சினையே இல்லையா?

இருக்கிறது. கழிப்பறை, தண்ணீர், சுற்றுச்சுவர், உடைந்த ஓடு மாதிரியான அன்றாட வேலைகளில் உள்ளாட்சியின் கையைத்தான் எதிர்பார்க்க வேண்டும். சொந்த வருமானம் குறைந்த ஊராட்சிக்கு மாநில நிதிக்குழு மானியம்தான் துணை. சாலை, தெருவிளக்கு, குடிநீர் எல்லாம் அதே பணத்துக்குப் போட்டி போடும்.

மேலிருந்து வரும் பணத்தையே நம்பியிருப்பதிலும் ஆபத்து உண்டு. தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிய பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழகம் கையெழுத்திடாததால், 2024-25-ல் ‘சமக்ர சிக்ஷா’ நிதி சுமார் ரூ.2,152 கோடியை ஒன்றிய அரசு விடுவிக்கவில்லை.

நாம என்ன கேட்கலாம்?

நகரவாசி என்றால், கல்வி நிதியில் எவ்வளவு இருப்பு, எந்தப் பள்ளிக்குச் செலவானது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகராட்சியைக் கேட்கலாம். கிராமத்தில் இருப்பவர்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் தேவைகளைப் பட்டியலிட்டு, கிராம சபையில் தீர்மானமாக வைக்கலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்பதை அங்கே பதிவு செய்தால், பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு ஊராட்சிக்கு வந்துவிடும்.