கால் பவுன் உயிர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு மூஞ்சூறைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. குடோன் சுவரை ஒட்டிக் கீச்கீச்சென்று கத்திக்கொண்டே ஓடும். ஓடிய பிறகும் அதன் வீச்சம் அங்கேயே நிற்கும். எலியை விரட்டிப் பிடிக்கும் பூனை இதை மோந்து பார்த்துவிட்டு விலகிப்போவதுண்டு. பிள்ளையாருக்கு வாகனம் என்பதால் அடிக்கவும் பலருக்கு மனம் வராது.

பார்க்க எலி மாதிரி இருந்தாலும் இது எலி இனமே அல்ல. எலி கொறித்து வாழ்வது. மூஞ்சூறு வேட்டையாடி. கரப்பான், வண்டு, புழு என்று அகப்பட்டதை அடித்துத் தின்னும். கண் பார்வை மங்கல்தான்; நீண்ட மூக்கும் மீசையும் நல்ல காதும் அந்தக் குறையை ஈடுகட்டிவிடுகின்றன.

உலகிலேயே எடை குறைந்த பாலூட்டி இதன் நெருங்கிய சொந்தக்காரர். சன்கஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்த அதற்கு எட்ருஸ்கன் மூஞ்சூறு என்று பெயர். 1822இல் இத்தாலியரான பாவ்லோ சாவி அதை விவரித்து எழுதினார். தென் ஐரோப்பாவிலிருந்து இந்தியா, இலங்கை வரை அதன் இருப்பு பதிவாகியிருக்கிறது. வாலை விட்டுவிட்டால் உடல் நீளம் சுமார் 4 சென்டிமீட்டர். சராசரி எடை 1.8 கிராம். கால் பவுன் தங்கம்கூட இதைவிடக் கனம். இந்தக் குடும்பத்தில் நம் வீட்டு மூஞ்சூறுதான் பீமன்.

இதற்கும் கீழே ஏன் போகவில்லை? எறும்பு அளவில் ஒரு பாலூட்டி ஏன் இல்லை?

தடை சூட்டில் இருக்கிறது. ஓர் உடலை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் பாதியாகச் சுருக்கினால் எடை எட்டில் ஒன்றாகிவிடும். தோலின் பரப்போ நான்கில் ஒன்றாகத்தான் குறையும். ஆக, ஒவ்வொரு கிராம் சதைக்கும் சூட்டை வெளியே விடும் தோல் இரண்டு மடங்காகிறது. ரோலிங் மில்லில் நிற்பவர் இதைக் கண்ணாலேயே பார்க்கிறார். ஒரே சூட்டில் இருந்தாலும் பருத்த பில்லட் நெடுநேரம் சிவந்து கிடக்கும்; மெல்லிய கம்பி சீக்கிரம் கறுத்துப்போகும். பாலூட்டி அப்படி ஆறிப்போய்விட முடியாது. உள்ளே அடுப்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அடுப்புக்கு இரை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

எட்ருஸ்கன் மூஞ்சூறு ஒரு நாளில் தன் எடையைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தின்கிறது. 1996இல் வெளியான ஓர் ஆய்வில் அதன் இதயம் நிமிடத்துக்கு 1,511 முறை வரை துடித்தது பதிவானது. நொடிக்கு 25 துடிப்பு! நமக்கு நிமிடத்துக்கே எழுபது, எண்பதுதான். குளிரும் பசியும் சேர்ந்து வந்தால் உடல் சூட்டைத் தணித்துக்கொண்டு மரத்துக் கிடந்து சமாளிக்கும். இன்றைய பாலூட்டிகளில் வளர்ந்தபின் இதைவிட எடை குறைந்தது வேறு இல்லை.

உடல் நீளத்தை வைத்துப் பார்த்தால் பட்டம் வேறொருவருக்குப் போகும். தாய்லாந்து, மியான்மர் சுண்ணாம்புக் குகைகளில் வாழும் கிட்டி வௌவால் சுமார் 3 சென்டிமீட்டர்தான். எடை ஏறக்குறைய 2 கிராம். தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தோங்லோங்யா 1973இல் கண்டெடுத்தார். அதற்கு முறைப்படி பெயர் சூட்டப்படுவதற்குள் அவர் காலமாகிவிட, பிரிட்டனின் ஜான் எட்வர்ட்ஸ் ஹில் 1974இல் அவர் பெயரையே வைத்தார். நம் ஊரிலும் இதைவிடச் சற்றே பெரிய துரிஞ்சல்கள் உண்டு. திருவள்ளூர்ப் பக்கம் பொழுது சாயும் நேரத்தில் அண்ணாந்து பார்த்தால் போதும். பூச்சியைத் துரத்தி வளைந்து வளைந்து பறக்கும்.

நம் வீட்டு மூஞ்சூறுக்கு மருத்துவ வரலாற்றிலும் ஓர் இடம் இருக்கிறது. 1964இல் வேலூர் தோட்டப்பாளையத்தில் பிடித்த மூஞ்சூறிலிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். ஹன்டா வைரஸ் குடும்பத்தில் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது அதுதான் என்பது பிற்பாடு தெரிந்தது. கொரியாவின் புகழ்பெற்ற ஹன்டான் வைரஸ் அதற்குப் பல ஆண்டுகள் கழித்தே சிக்கியது. தோட்டப்பாளையம் வைரஸ் மனிதருக்கு நோய் தருவதாக நிறுவப்படவில்லை. இருந்தாலும் மூஞ்சூறை வெறுங்கையால் பிடிப்பது புத்திசாலித்தனம் அல்ல, கடிக்கவும் செய்யும்.

குடோனில் எலிக்கூண்டு வைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காலையில் கூண்டுக்குள் கூரிய மூக்கோடு ஒன்று கத்திக்கொண்டிருந்தால் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். எலி தாங்கும் பட்டினியை அது தாங்காது. கூண்டை வெளியே எடுத்துப்போய், புதர் ஓரமாக வைத்து, உடனே திறந்துவிடுங்கள்.