எழுத்தும் படமும் களவு போனால் முதலில் திட்டாதீர்கள், சேமியுங்கள்

‘படித்ததில் பிடித்தது’ என்ற தலைப்போடு வாட்ஸ்அப்பில் தினமும் வந்து விழும் பதிவுகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பெரும்பாலானவற்றின் கீழே எழுதியவர் பெயர் இருக்காது. அது தானாக உதிர்ந்துபோன பெயர் அல்ல. யாரோ ஒருவர் கடைசி வரியை அழித்துவிட்டுத்தான் அடுத்த குழுவுக்கு அனுப்பியிருக்கிறார். அச்சு இதழ்களும் இதில் சளைத்தவை அல்ல. ‘நன்றி: கூகுள்’, ‘படம்: இணையம்’ என்று போட்டுவிட்டால் கடமை முடிந்ததாக நினைக்கிறார்கள். கூகுள் தேடித் தருகிறதே தவிர, படம் எடுப்பதில்லை. வெயிலில் காத்து நின்று அந்தப் படத்தை எடுத்தவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. கொஞ்சம் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

பறிகொடுத்தவர்கள் அடுத்துச் செய்வது இதைவிட வருத்தம் தருகிறது. எனக்குத் தெரிந்த பள்ளி ஆசிரியை ஒருவரின் சிறுகதையை ஓர் ‘ஆடியோ நாவல்’ சேனல் தலைப்பை மாற்றி, பெயரை விட்டுவிட்டு, வாசித்து வெளியிட்டது. கொதித்துப்போன அவர் அந்தக் காணொளிக்குக் கீழேயே ‘இது என் கதை, உடனே நீக்குங்கள்’ என்று பின்னூட்டம் போட்டார். முகநூலிலும் எழுதினார். நண்பர்கள் திரண்டு வந்து திட்டினார்கள். மறுநாள் காலையில் காணொளி இல்லை. சில வாரம் கழித்து அதே குரலில் அதே கதை, வேறு தலைப்பில், வேறு சேனலில் வந்தது. இந்த முறை புகார் கொடுத்தே தீர்வது என்று அவர் எடுத்துவந்த ஆதாரம் ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட். அதிலும் முகப்புப் படம் மட்டுமே இருந்தது. மேலும் கீழும் வெட்டியிருந்ததால் சேனலின் பெயர் இல்லை, இணைப்பு முகவரி இல்லை, தேதி இல்லை. மனமிருக்கும் அதிகாரியால்கூட அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இதே கதையை ஆள் மாற்றி, ஊர் மாற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் எழுதிய கணத்திலேயே, படம் எடுத்த கணத்திலேயே உரிமை உங்களுடையது. பதிவுசெய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எழுத்துக்கும் படத்துக்கும் அந்த உரிமை படைத்தவரின் ஆயுள் முழுவதும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் நீடிக்கும். உரிமையை விலைக்கு விற்றுவிட்டாலும், ‘இதைப் படைத்தவர் நான்’ என்று பெயர் கோரும் உரிமையை 57ஆம் பிரிவு உங்களிடமே விட்டுவைக்கிறது. ‘முப்பது விநாடி வரை எடுக்கலாம்’ என்று ஒரு வரியும் இந்தச் சட்டத்தில் இல்லை. ‘உரிமை அந்தந்த உரிமையாளர்களுக்கே’ என்று காணொளிக்குக் கீழே எழுதிவிட்டால் திருட்டு திருட்டில்லாமல் ஆகிவிடாது. தனக்குத்தானே பதிவுத்தபால் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைத்துக்கொள்வதும் பதிவுச் சான்றிதழுக்கு ஈடாகாது.

இனி, முதல் நாள் வேலை. யாரையும் திட்டுவதற்கு முன், யாருக்கும் செய்தி அனுப்புவதற்கு முன், ஆதாரத்தைச் சேமியுங்கள். முடிந்தால் கணினியில் திறந்து, மேலே இணைப்பு முகவரியும் கீழே தேதியும் நேரமும் தெரியும்படி முழுத்திரையைப் படம் பிடியுங்கள். சேனலின் அறிமுகப் பக்கத்தைத் தனியாக எடுங்கள். இணைப்பு முகவரியை எழுத்தாகவும் நகலெடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளுங்கள். காணொளி என்றால் ஆரம்பம் முதல் முடிவுவரை திரைப்பதிவு செய்யுங்கள். வாட்ஸ்அப் குழு என்றால் குழுவின் பெயர், அனுப்பியவர் எண், தேதி மூன்றும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். எதையும் வெட்டாதீர்கள், வட்டம் போடாதீர்கள், அம்புக்குறி வரையாதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், வெட்டாதீர்கள்.

உங்கள் பக்கத்து ஆதாரமும் வேண்டும். கதை என்றால் இதழில் வந்த பக்கம், ஆசிரியருக்கு அனுப்பிய மின்னஞ்சல், கணினியில் உள்ள முதல் பிரதி. படம் என்றால் கேமராவிலிருந்து இறக்கிய அசல் கோப்பு. எந்தக் கருவியில், எந்தத் தேதியில் எடுத்தது என்ற விவரம் அதற்குள் பதிந்திருக்கும். அதையே வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் படம் சுருங்கி, அந்த விவரம் நீங்கிவிடும். ஆகவே அசலை அழித்துவிட்டு வாட்ஸ்அப் பிரதியை மட்டும் வைத்திருக்காதீர்கள். வக்கீலுக்கு அனுப்பும்போதும் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள்.

வழக்கு என்று வந்தால் இந்த மின்னணு ஆதாரங்களோடு சான்றிதழ் ஒன்றும் தர வேண்டும். முன்பு 65பி சான்றிதழ் என்றார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் அது 63(4) ஆகிவிட்டது. அதன் படிவம் இரண்டு பகுதிகள் கொண்டது. முதல் பகுதியைத் தாக்கல் செய்பவரும், இரண்டாவதை நிபுணர் ஒருவரும் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பையும் அதில் குறிக்க வேண்டும். எந்தக் கருவியில் படம் பிடித்தீர்களோ அந்தப் போனை விற்றுவிடாதீர்கள், ரீசெட் செய்துவிடாதீர்கள்.

ஆதாரம் கையில் வந்தபிறகு தளத்துக்குப் புகார். யூடியூப், முகநூல், இன்ஸ்டாகிராம் எல்லாவற்றிலும் பதிப்புரிமைப் புகாருக்கென்றே தனிப் படிவம் இருக்கிறது. காணொளிக்குக் கீழே உள்ள பொதுவான ‘ரிப்போர்ட்’ பட்டனை நூறு பேரைக் கூட்டி அழுத்த வைப்பதும், அந்தப் படிவத்தை நீங்கள் ஒருவர் நிரப்புவதும் ஒன்றல்ல. படிவத்தைத்தான் நிரப்ப வேண்டும். எதிராளி எதிர்மனு போட்டால், வழக்குத் தொடுத்ததற்கான ஆதாரத்தைக் காட்ட யூடியூப் உங்களுக்குத் தரும் அவகாசம் 10 வேலை நாட்கள்தான். அந்த மின்னஞ்சலைப் படிக்காமல் விட்டதால் காணொளி திரும்பி வந்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் உண்டு. புகார் கொடுத்த நாளிலிருந்து மின்னஞ்சலைத் தினமும் பாருங்கள்.

2013ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளில் 75ஆவது விதிதான் இந்தியச் சட்டம் தரும் நேரடி வழி. தளத்தை நடத்துபவருக்கு எழுத்துப்பூர்வமாக நோட்டீஸ் அனுப்ப வேண்டும். உங்கள் படைப்பு எது, அது உங்களுடையது என்பதற்கு ஆதாரம் என்ன, எந்த இணைப்பில் இருக்கிறது, ஏற்றியவர் யார் (தெரிந்தால்), அது ஏன் சட்டம் அனுமதிக்கும் விலக்குகளுக்குள் வராது என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். எல்லோரும் விட்டுவிடுவது கடைசி உறுதிமொழியைத்தான்: ஏற்றியவர்மேல் வழக்குத் தொடுத்து, நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் நீதிமன்ற உத்தரவைக் கொண்டுவருவேன் என்று எழுத வேண்டும். நோட்டீஸ் சரியாக இருந்தால் 36 மணி நேரத்துக்குள் தளம் அதை முடக்க வேண்டும். 21 நாட்களில் உத்தரவு வராவிட்டால் மறுபடியும் திறந்துவிடலாம். அதற்குப் பிறகு நீங்கள் அதே படைப்பு, அதே இடம் பற்றி இன்னொரு நோட்டீஸ் அனுப்பினால் பதில் சொல்லும் கடமையும் தளத்துக்கு இல்லை. ஒரு தோட்டாதான், குறிபார்க்காமல் சுட்டுவிடாதீர்கள். வக்கீலிடம் பேசி, வழக்குக்கான காகிதங்களைத் தயார்செய்துகொண்டு பிறகு அனுப்புங்கள்.

பொய்யாகவோ அவசரப்பட்டோ நோட்டீஸ் விடுவதும் ஆபத்து. ஆதாரமில்லாத மிரட்டல் என்று 60ஆம் பிரிவின் கீழ் எதிராளி உங்கள்மேல் வழக்குப் போடலாம். உங்கள் புத்தகத்தைக் கடுமையாக விமர்சித்தவர் நான்கு வரி மேற்கோள் காட்டியிருந்தால் அது திருட்டல்ல. விமர்சனத்துக்கும், சொந்தப் படிப்புக்கும், நடப்புச் செய்திக்கும் நியாயமான அளவில் எடுத்தாள்வதை 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. பிடிக்காத விமர்சனத்தை நீக்கப் பதிப்புரிமைப் புகாரை ஆயுதமாக்கும் எழுத்தாளர்கள்மேல் எனக்குத் துளியும் மரியாதை இல்லை.

தளம் அசையவில்லையா? அதன் குறைதீர் அலுவலர் பெயரும் முகவரியும் தளத்திலேயே வெளியிடப்பட்டிருக்க வேண்டும். அவருக்கு எழுதுங்கள். அவர் முடிவு திருப்தி இல்லை என்றால், 30 நாட்களுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையத்திலேயே மேல்முறையீடு செய்யலாம்.

காவல் நிலையத்தில் வழக்கமாகக் கிடைக்கும் பதில், ‘இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்க’. இந்தப் பதிலைக் கேட்டுத் திரும்பி வந்தவர்கள் எத்தனையோ பேர். அது தவறான பதில். தெரிந்தே பதிப்புரிமையை மீறுவது பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் குறைக்கலாம். இது பிடியாணையின்றிக் கைதுசெய்யத்தக்க, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022 மே மாதம் நிட் ப்ரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பின் நகலை மனுவோடு இணைத்துக் கொண்டுபோங்கள். ‘தெரிந்தே’ என்பதை நிரூபிக்க, நீங்கள் முன்பு அனுப்பிய நோட்டீஸ் உதவும். மனுவைக் கொடுத்ததும் அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லாமல் ‘விசாரிக்கிறோம்’ என்ற வாய்வார்த்தையோடு வெளியே வராதீர்கள். வழக்குப் பதிய மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு, மாநகரம் என்றால் ஆணையருக்கு, பதிவுத்தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு செய்யலாம். கண்காணிப்பாளருக்கு அனுப்பிய தபாலின் ரசீது இல்லாமல் அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பதிவு கட்டாயம் இல்லை என்றேன். ஆனால் தொடர்ந்து எழுதுகிறவர்களும் படம் எடுக்கிறவர்களும் முக்கியமானவற்றைப் பதிந்துவைப்பது நல்லது. அந்தப் பதிவேடு நீதிமன்றத்தில் முதல்தோற்றச் சாட்சியமாக ஏற்கப்படும். சென்னையில் பலர் கிண்டி அறிவுசார் சொத்து அலுவலகத்துக்கு அலைகிறார்கள். அங்கே நடப்பது கண்டுபிடிப்புகளுக்கான காப்புரிமையும் வணிகச் சின்னமும். பதிப்புரிமை அலுவலகம் டெல்லி துவாரகாவில் இருக்கிறது, ஆனால் அங்கே போக வேண்டியதில்லை. அதன் இணையதளத்தில் 14ஆம் எண் படிவத்தை நிரப்பி, எழுத்துக்கோ கலைப்படைப்புக்கோ 500 ரூபாய் கட்டினால் டைரி எண் வரும். ஆட்சேபத்துக்காக 30 நாட்கள் காத்திருப்பு, பிறகு பரிசீலனை, பிறகு சான்றிதழ். ஏற்கெனவே புத்தகமாக வந்திருந்தால் பதிப்பாளரின் ஆட்சேபனையின்மைக் கடிதம் கேட்பார்கள். இந்த 500 ரூபாய் வேலைக்குப் பல மடங்கு வாங்கும் முகவர்களிடம் ஏமாறாதீர்கள்.

படம் எடுத்தவருக்கே உரிமை என்பதற்கு விலக்கான கல்யாண ஸ்டூடியோ விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கும் வீடியோவுக்கும் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், காசு கொடுத்தவர்தான். 17ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. மணப்பெண்ணின் படத்தைக் கடை வாசல் ஃப்ளெக்ஸிலும் இன்ஸ்டாகிராம் விளம்பரத்திலும் போட ஸ்டூடியோவுக்குத் தானாக உரிமை வந்துவிடாது. ஆனால் ஆர்டர் ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் அந்த உரிமையை நீங்களே எழுதிக் கொடுத்திருக்கலாம். முன்பணம் கொடுக்கும்போதே அந்தப் பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். வேண்டாத வரியைப் பேனாவால் அடித்து இருவரும் கையெழுத்திடுங்கள். ஆல்பம் வந்தபிறகு சண்டை போட்டுப் பயனில்லை.

எழுத்தாளர்கள் பதிப்பாளரிடம் போடும் கையெழுத்தும் இப்படித்தான். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் உரிமை கைமாறாது. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்பது 19ஆம் பிரிவு. ‘அச்சு, மின்னூல், ஒலிநூல், திரைப்படம் உட்பட அனைத்து உரிமைகளும் நிரந்தரமாக’ என்ற வரி இருந்தால் பேனாவைக் கீழே வையுங்கள். கேட்டு, பேசி, எந்த உரிமை, எத்தனை ஆண்டு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

பிறர் படைப்பை எடுத்து அனுப்புகிறவர்களுக்கும் சொல்ல வேண்டும். போன மாதம் வெளிவந்த நாவலின் பிடிஎஃப்பை டெலிகிராம் குழுவில் போடுவது இலக்கியச் சேவை அல்ல. தமிழில் ஒரு பதிப்பு பெரும்பாலும் சில நூறு பிரதிகள்தான். அதில் ஐம்பது குறைந்தால் அடுத்த புத்தகம் வராமலே போகும். காசில்லாமல் படிக்க நேர்மையான வழிகள் நிறைய இருக்கின்றன. அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்களின் நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும், பழைய இலக்கியங்களை 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்திலும் தாராளமாக எடுக்கலாம். விக்கிமீடியா பொதுவகப் படங்களில் பெரும்பாலானவற்றை எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட்டுவிட்டுப் பயன்படுத்தலாம். அந்த ஒரு வரியைப் போட மறுப்பவர்கள்தான் அதிகம். யாருடையது என்று தெரியாத பதிவு வந்தால், ஒரு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். பெயர் கிடைத்தால் சேர்த்து அனுப்புங்கள், கிடைக்காவிட்டால் அனுப்பாதீர்கள். உங்களுக்கே நோட்டீஸ் வந்தால் வாதாடுவதற்கு முன் அந்தப் பதிவின் பிரதியையும் நோட்டீஸையும் பத்திரப்படுத்துங்கள். தவறு உங்களுடையது என்றால் நீக்கிவிட்டு, நீக்கிய தேதியை எழுத்தில் தெரிவியுங்கள்.

வழக்குப் போட எதிராளியின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்க 62ஆம் பிரிவு வழி தருகிறது. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது அடையாள அட்டை, உங்கள் அசல் பிரதி, வெட்டாத ஸ்கிரீன்ஷாட்கள், தளத்துக்கு அனுப்பிய புகார், சி.எஸ்.ஆர். ரசீது எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரே கோப்பில் அடுக்கிக் கொண்டுபோங்கள். நஷ்டஈடு கேட்டுத் தொடுக்கும் வழக்குக்கு மூன்று ஆண்டுக் கெடு உண்டு.